ஜாதிக்காய்ச் சந்தின் முனை

ஜாதிக்காய்ச் சந்து அப்படி நீண்டுபோனதற்குப் பாளையங்கோட்டையிலிருந்து வந்த ஒரு கல்யாணப் பத்திரிகைதான் காரணம் என்று கோப்பிக்கடை ஓங் இன்றைக்கும் அடித்துச் சொல்வார். பத்திரிகையாவது ஒன்றாவது, இரண்டு பொம்பளைகளின் வாய்தான் காரணம் என்று அவருக்கு எதிர்வாடையில் நாசி லெமாக் விற்கிற ரொஹானி சொல்வாள். தேங்காய்ப்பால் சோற்றை வாழையிலையில் மடித்துக்கொண்டே அவள் சொல்லும்போது அதுவும் நியாயமாகத்தான் படும். இரண்டு பேர் சொல்வதும் உண்மை என்பதால் நாம் அந்தச் சண்டைக்குள் போகாமல் கதையை மட்டும் பார்ப்போம்.

பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனின் பழைய பகுதியில், கீழே கடையும் மேலே வீடுமாகத் தோள் உரசி நிற்கிற கட்டடங்களுக்கு நடுவே இருந்தது அந்தச் சந்து. ஒரு முனையில் தும்மினால் மறுமுனையில் ஜலதோஷமா என்று கேட்பார்கள், அவ்வளவுதான் அதன் நீளம். சீனரும் மலாய்க்காரரும் தமிழருமாக எல்லாரும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். சலவைக்கடை மாடியில் ஒரு புதுமண ஜோடி, கட்டில் போட்டால் நிற்க இடமில்லாத அறையில் குடித்தனம் நடத்தியது. ரொஹானிக்குக் கடை என்று ஒன்று கிடையாது, நடைபாதையில் ஒரு மேசைதான். தெருவுக்கு நட்டநடுவில் மைமூனின் மசாலாக் கடை. அவள் காலையில் மல்லி வறுக்க ஆரம்பித்தால் சாப்பிட்டு முடித்தவர்களுக்கும் மறுபடி பசிக்கும்.

செண்பகவல்லி அந்த மைமூனோடு கல்லூரியில் படித்தவள். இப்போது பாளையங்கோட்டையில் மின்வாரிய அலுவலகத்தில் வேலை. கரண்ட் இல்லை என்று சண்டைக்கு வருகிறவர்களையெல்லாம் அவள் மேசைக்குத்தான் அனுப்புவார்கள். வந்தவர் வாயைத் திறப்பதற்குள் அவள் நாலு கதை சொல்லி, சிரிக்கவைத்து, கரண்ட் வந்த பிறகுதான் வெளியே விடுவாள். அவளுடைய மகள் கோமதிக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். பத்திரிகை அச்சாகி வந்த அன்று அவள் கணவர் சங்கரலிங்கம், வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுக்கொள்ளவும் என்று கீழே ஒரு வரி போட்டுவிடலாமே என்றார். செண்பகவல்லி அவரை ஒரு பார்வை பார்த்தாள். மைமூனுக்குத் தட்டில் வைத்து, கையில் கொடுத்துத்தான் அழைப்பேன் என்றாள். சனி ஞாயிறு போய்விட்டுத் திங்கட்கிழமைக்குள் திரும்பிவிடுவதாக ஆபீசில் சொல்லி, அதுவரை கொல்லம் தாண்டிப் போகாதவள், பாஸ்போர்ட் எடுத்து, பெட்டியில் ஒரு பித்தளைத் தாம்பாளத்தையும் அல்வாவையும் வைத்துக்கொண்டு விமானம் ஏறினாள்.

அந்த இருவருக்கும் கல்லூரி நாளிலேயே ஒரு வியாதி உண்டு. மைமூன் கடையநல்லூர்ப் பெண், விடுதியில் தங்கிப் படித்தாள். செண்பகவல்லி தினம் வீட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் செண்பகவல்லியைப் பஸ் நிறுத்தம் வரை மைமூன் கொண்டுவிட வருவாள். அங்கே வந்ததும், நீ ஒத்தையில் திரும்பிப் போவியா என்று செண்பகவல்லி அவளை விடுதி வாசல் வரை கொண்டுவிடக் கிளம்புவாள். வாசலுக்கு வந்த பிறகு செண்பகவல்லியைத் தனியே அனுப்ப மைமூனுக்கு மனசு வராது. இப்படிப் போவதும் வருவதுமாக மூன்று வருஷம், எத்தனையோ பஸ்ஸை விட்டு, எத்தனையோ திட்டு வாங்கி, பேசித் தீர்த்தார்கள், ஆனால் பேச்சு தீரவில்லை. கடைசிப் பரீட்சை அன்று மைமூனின் அண்ணன்மார் கார் எடுத்துக்கொண்டு வந்து, பினாங்கு மாப்பிள்ளை பேசி முடித்தாயிற்று என்று அவளை அப்படியே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்கு யாரை யார் கொண்டுவிட வேண்டிய முறை என்பது தீராமலே நின்றுபோயிற்று.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சனிக்கிழமை காலை மசாலாக் கடை வாசலில் இருவரும் கட்டிக்கொண்டபோது இருவருமே நன்றாகச் சதை போட்டிருந்ததால் அந்த அணைப்பு முழுசாகக் கைக்கு அடங்கவில்லை, அதற்கே சிரிக்க ஆரம்பித்து, ஏன் சிரிக்கிறோம் என்று மறந்துபோகிற வரைக்கும் சிரித்தார்கள். ஓங் தன் கடையிலிருந்து எட்டிப்பார்த்து, மைமூனின் சிரிப்பை இந்தத் தெரு கேட்டு மூன்று வருஷம் ஆகிறது என்று தன் மனைவியிடம் சொன்னார். மைமூனின் கணவர் ஹமீது இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்தச் செய்தி செண்பகவல்லிக்குப் போனில் தெரியும், ஆனால் எப்படி என்று மைமூன் அவளிடம் சொன்னதே இல்லை.

குளித்து, பட்டுச்சேலை உடுத்தி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பழமும் பூவும் கற்கண்டும் வைத்து, நடுவில் பத்திரிகையை வைத்து, கடைக்குள் மிளகாய் மூட்டைகளுக்கு மத்தியில் கிழக்கே பார்த்து நின்றுகொண்டு செண்பகவல்லி நீட்டினாள். மைமூன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, மாஷா அல்லாஹ், நம்ம கோமதிக்குக் கல்யாணமா என்று கண் கலங்கினாள். பிறகு தட்டை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"பத்திரிகைய வாங்கிட்டேன். ஆனா கல்யாணத்துக்கு என்னால வர முடியாதுட்டி."

"ஏன், விசா குடுக்க மாட்டாங்களோ?"

"விசால்லாம் குடுப்பாங்க. எனக்குத் தெருமுனையத் தாண்டக் கால் வராது."

செண்பகவல்லி நம்பவில்லை. மைமூன் அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். சந்தின் முனையில் ஒரு விளக்குக் கம்பம். அதுவரை எல்லாரையும் போல வீசி நடந்து வந்தவள், கம்பத்தடியில் நின்றுவிட்டாள். முன்னால் ஒரு எட்டு வைக்கச் சொன்னால் முகமெல்லாம் வியர்த்தது. ஹமீது போன நாளிலிருந்து இப்படித்தான். தெரு அதற்குத் தகுந்தபடி தன்னைப் பழக்கிக்கொண்டிருந்தது. மீன் வண்டிக்காரர் அவள் வாசலில் வந்து நிற்பார், வைத்தியர் பையைத் தூக்கிக்கொண்டு வருவார், பல் பிடுங்குகிறவர்கூட ஒருமுறை வந்து கடை முக்காலியில் உட்காரவைத்துப் பிடுங்கிவிட்டுப் போனார், கோலாலம்பூரில் மகன் பட்டம் வாங்குவதை ஓங் தன் போனைப் பிடித்துக் காட்டினார். யாரும் அவளை ஏன் என்று கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களின் அன்பு சில சமயம் அப்படித்தான், ஆளை இருக்கிற இடத்திலேயே உட்காரவைத்துவிடும்.

செண்பகவல்லிக்குக் கோபம் வந்தது. கடல் தாண்டி வந்து பத்திரிகை வைத்தவளிடம் கம்பம் தாண்ட மாட்டேன் என்றால் வராதா. மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும், ஊர் பார்க்க வந்தவள் ஊரையாவது பார்க்கிறேன், கடற்கரைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டினாள். முனை வரைக்கும் வாரேன் என்று மைமூன் கூட வந்தாள். கம்பத்தடியில் வந்து நின்றதும், மைமூன் அங்கே தனியாக நிற்கிறதைப் பார்க்கச் செண்பகவல்லிக்கு என்னவோ போல் ஆயிற்று.

"ஒத்தையில திரும்பிப் போவியா? வா, வீடு வரைக்கும் கொண்டு விடுதேன்."

மைமூன் அவளைப் பார்த்தாள். முப்பது வருஷமாக யாரும் அவளிடம் சொல்லாத வார்த்தை அது. இருவரும் திரும்பினார்கள். கடை வாசலுக்கு வந்ததும், கடற்கரைக்குப் போகிறவளை முனை வரை கொண்டுவிடாமல் எப்படி என்று மைமூன் கிளம்பினாள். வியாதி பழையபடி தொற்றிக்கொண்டது. விடுதி உப்புமாவில் தொடங்கி, தாவரவியல் வாத்தியாரின் விக் காற்றில் பறந்து வேப்பமரத்தில் மாட்டிக்கொண்டதைத் தொட்டு, மைமூனின் இரண்டு புர்காவை இருவரும் போட்டுக்கொண்டு பகல் காட்சிக்குப் போன கதைக்கு வந்து, அங்கே முன்வரிசையில் புர்கா போட்டு உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்த இன்னொரு பெண்மணி விடுதி வார்டனேதான் என்று தெரிந்த இடத்தில் இருவரும் நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

தெரு நீண்டதை முதலில் கண்டுகொண்டது ஓங்கின் கோப்பிதான். கடைசி வீட்டுக்கு எப்போதும் சூடாகப் போய்ச் சேருகிற கோப்பி அன்று சாயங்காலம் ஆறிப்போய்ச் சேர்ந்தது. கடைசி வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார், ஓங் பதிலுக்குச் சண்டை போட்டார், சண்டை முடிந்து இருவரும் நடந்து பார்த்தபோது சலவைக்கடைக்கும் முடிவெட்டுகிற கடைக்கும் நடுவே ஒரு வீடு இருந்தது. அதே பச்சைப் பூப்போட்ட தரை, அதே மரக்கதவு, காலண்டர் மாட்ட ஒரு ஆணிகூட அடித்திருந்தது. அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே கடந்துபோனார்கள், அவர்கள் போனபின் அதற்கடுத்து இன்னொரு வீடு, யாரோ தோளை ஒதுக்கி இடம் கொடுத்த மாதிரி, சத்தமில்லாமல் விலகி நின்றது.

அதற்காக யாரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. இடம் கிடைப்பது என்ன லேசான காரியமா. ஓங் தன் மேசைகளில் மூன்றை அந்தப் பக்கம் தள்ளிப்போட்டார். சலவைக்கடை மாடி ஜோடி மெத்தையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்து புது வீட்டில் விரித்து, ஆளுக்கொரு அறையில் போய் நின்று ஒருவரை ஒருவர் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டார்கள். ரொஹானி தன் மேசையை நடைபாதையிலிருந்து எடுத்து ஒரு கடைக்குள் வைத்தாள்; தலைக்கு மேல் கூரை இருந்தால் சோறு எப்படி மணக்கும் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. புது வாசல்களை யார் பெருக்குவது என்பதில் மட்டும் கொஞ்சம் மனஸ்தாபம் வந்து, முறை வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

மறுநாள் காலையில் பக்கத்துத் தெருக்காரர்கள் தங்கள் முனையைக் காணவில்லை என்று தேடிக்கொண்டு வந்தார்கள். ஜாதிக்காய்ச் சந்து நீளும்போது குறுக்கே இருந்த தெருக்கள் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டிருந்தன. வந்தவர்களுக்கு ரொஹானி சோற்றுப் பொட்டலம் கொடுத்தாள், சாப்பிட்டவர்கள் புகாரை மறந்து வேடிக்கை பார்க்க உட்கார்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் நகராட்சி அளவுக்காரர் ஒருவர் வீட்டுச் செருப்போடு நாடாவை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். தெரு ஏன் நீள்கிறது என்பது அவருக்குக் கவலையில்லை, புது வீடுகளுக்கு என்ன எண் போடுவது என்பதுதான் கவலை. அதிலும் நாலாம் எண் வரக்கூடாது என்று ஓங் பிடிவாதம் பிடித்தார், சீனர்களுக்கு அது ஆகாத எண். நாடா போதாமல் போனதும் அளவுக்காரர் ஒரு சுண்ணாம்புக் கட்டி வாங்கிக்கொண்டு பெண்கள் பின்னாலேயே நடந்து, கதவு கதவாக எண் போட்டுக்கொண்டே வந்தார்.

பேச்சால்தான் தெரு நீள்கிறது என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது. பேசுகிறவர்களுக்கு மட்டும் விளங்கவில்லை, பேசுகிறவர்களுக்கு என்றைக்கு விளங்கியிருக்கிறது. தொண்டை வறளாமலிருக்க யாரோ பார்லித் தண்ணீர் கொடுத்தார்கள், வெயிலுக்குக் குடை பிடித்தார்கள், ரொஹானி மட்டும் பக்கத்தில் வந்து, காற்று வரும், கொஞ்சம் கடல் பக்கமாகப் பார்த்துப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். தாவரவியல் வாத்தியாரின் விக் மலாயிலும் ஹொக்கியன் சீனத்திலும் மொழிபெயர்ந்து, வீட்டுக்கு வீடு வளர்ந்து, கடைசி வாசலுக்குப் போகும்போது விக்கோடு சேர்ந்து வாத்தியாரே மரத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்.

முனைக்குக் கொண்டுவிடப் போன ஒரு நடையில் உப்புக் காற்று முகத்தில் அடித்தது. செண்பகவல்லி நிமிர்ந்து பார்த்தாள். தெருவின் இடதுபக்கத்தில் வீடுகளுக்கு இடையே கடல் கிடந்தது, படகுத்துறையும் படகுகளும், தூரத்தில் பாலமும் தெரிந்தன. மைமூன் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் கடலைப் பார்த்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதே விளக்குக் கம்பம் அவர்களுக்கு முன்னால், எட்ட நின்றுகொண்டிருந்தது. மைமூன் அதைத் தாண்டவில்லை. கம்பம்தான் வழி விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் செண்பகவல்லிக்குப் பொறி தட்டியது. சாயங்காலம் அவளுக்கு விமானம். விமான நிலையம் தீவின் தென்கோடியில் இருக்கிறது. இவளை அங்கே வரைக்கும் பேசியே நடத்திக்கொண்டு போய்விட்டால், அங்கிருந்து பாளையங்கோட்டை எவ்வளவு தூரம், நினைத்துப் பார்த்தால் ஒரு வாசற்படிதான். மைமூனிடம் ஒன்றும் சொல்லாமல், தன்னை விமானத்துக்குக் கொண்டுவிட வருவாயா என்று மட்டும் கேட்டாள். முனை வரைக்கும் வருகிறேன் என்று மைமூன் எப்போதும் போலச் சொன்னாள். ஓங் அதைக் கேட்டு, கடையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

பத்திரிகை வந்த தாம்பாளத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று மைமூன் அதில் சர்க்கரைப் பாகில் போட்ட ஜாதிக்காயும் மசாலாப் பொட்டலங்களும் அடுக்கித் துணி மூடிக் கையில் வைத்துக்கொண்டாள். தெருவே புறப்பட்டது. தன் தெருவுக்குள்ளேயே நடப்பதால் யாரும் செருப்பு மாற்றவில்லை, தலை சீவவில்லை, முடிவெட்டிக்கொண்டிருந்தவர் பாதி வெட்டிய தலையோடு வந்தார். வரச்சொல்லியிருந்த டாக்சிக்காரர் போன் பண்ணி, முனையில் நிற்கிறேன் என்றார். அடுத்த நிமிஷம், முனை நகர்ந்துவிட்டது என்றார். பிறகு பின்பக்கமாகவே வண்டியை ஓட்டிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் போனார். ரப்பர் மரங்களும் அடுக்கு மாடிகளும் ஒரு பாம்புக் கோவிலும் தெருவின் இருபுறமும் வந்து போயின. பினாங்கில் ஒரே ஒரு தெருவைத்தான் செண்பகவல்லி பார்த்தாள், ஆனால் தீவில் பார்க்க வேண்டியதெல்லாம் அந்தத் தெருவிலேயே இருந்தது. நடந்த அலுப்பு ஒருவருக்கும் தெரியவில்லை, சொந்தத் தெருவில் நடந்தால் யாருக்குக் கால் வலிக்கும்.

விமான நிலையத்தின் கண்ணாடிக் கட்டடம் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் பேச்சு தீர்ந்துவிட்டது. செண்பகவல்லி வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. மைமூன் யோசித்துப் பார்த்தாள், உப்புமா இரண்டு தடவை ஆகிவிட்டது, வார்டன் மூன்று தடவை ஆகிவிட்டாள். கம்பம் நின்றது. அதற்கு அப்பால் ஒரு கூப்பிடு தூரம், புல்வெளி, பிறகு கதவு. தெருக்காரர்கள் பதறிப்போய் ஆளுக்கொரு விஷயத்தை எடுத்துக் கொடுத்தார்கள். கோமதியின் மாப்பிள்ளை எப்படி என்று கேட்டார்கள், நல்லவன் என்று செண்பகவல்லி சொன்னதற்குத் தெரு அசையவில்லை. மீன் குழம்புக்கு என்ன மசாலா என்று ரொஹானி கேட்டதற்கு ஒரு முழம் நகர்ந்து நின்றது. அளவுக்காரர் சுண்ணாம்புக் கட்டியோடு வானத்தைப் பார்த்தார். விமானத்துக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது.

பேசாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான் பாக்கி என்று செண்பகவல்லிக்குத் தெரியும். அவள் மைமூனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹமீது அண்ணன் போன அன்னிக்கு என்னட்டி நடந்துச்சு?"

மைமூன் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். காலையில் நெஞ்சு கொஞ்சம் அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றாராம், பக்கத்துக் கிளினிக்குக்கு நடந்தே போய்விட்டு வருகிறேன் என்றாராம். அவள் இந்தக் கம்பம் வரைக்கும் கூட வந்தாள். அடுப்பில் மல்லி வறுபட்டுக்கொண்டிருக்கிறது, நீ திரும்பிப் போ, இதோ வந்துவிடுகிறேன் என்றார்.

"நான் திரும்பிட்டேன் செம்பகம். மல்லி கருகிருமேன்னு திரும்பிட்டேன். உன்னையெல்லாம் எத்தன தடவ பஸ்ஸுக்குக் கொண்டு விட்டிருக்கேன். அவங்கள மட்டும் பாதியில விட்டுட்டேன்."

தமிழ் புரியாதவர்களுக்கும் அது புரிந்தது. மின்வாரியத்தில் எத்தனையோ பேரைச் சமாளித்த செண்பகவல்லி அழுகையை விழுங்கிக்கொண்டு பேசினாள்.

"நீ பாதியில விடலட்டி. அவங்க உன்னத் திருப்பிக் கொண்டு விட்டிருக்காங்க. இது நம்ம பழக்கம்லா, முனைக்கு வந்தா ஒருத்தர ஒருத்தர் வீட்டுக்கு அனுப்புவோம்லா. கடைசி முறை அவங்களுக்கு வந்துச்சு, அவ்வளவுதான்."

மைமூன் அழுதாள். மூன்று வருஷம் தெருவில் ஒருவருக்கும் காட்டாத அழுகையை மொத்தமாக அழுதாள். ஓங்கும் அழுதார், ரொஹானி தலைத்துணியால் மூக்கைச் சிந்தினாள். அழுதுகொண்டே மைமூன், அன்றைக்கு மல்லி எப்படியும் கருகித்தான் போயிற்று என்றாள். அதைச் சொன்னவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, செண்பகவல்லிக்கும் வந்தது, அழுகையும் சிரிப்புமாக இருவரும் ஹமீதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள், அவர் குறட்டையை, கல்யாணத்தன்று அவர் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்ததை, மிளகு பொடித்தால் ஏழு தும்மல் தும்முகிற மசாலாக் கடைக்காரராக அவர் இருந்ததை. கம்பம் புல்வெளியைத் தாண்டி, வண்டிகள் நிற்கிற இடத்தைத் தாண்டி, கண்ணாடிக் கதவுக்கு ஒரு எட்டு முன்னால் போய் நின்றது. அதற்கு மேல் போகவில்லை. தெரு என்றால் அதற்கும் ஒரு மரியாதை உண்டு, அடுத்தவர் வீட்டுக்குள் நுழையாது.

அளவுக்காரர், தெரு இங்கே முடிகிறது என்று அறிவித்து ஒரு கோடு போட்டார். ஓங் பெட்டியைக் கொடுத்தார். இருவரும் கட்டிக்கொண்டார்கள். வா, உன்னை வீடு வரைக்கும் கொண்டு விடுதேன் என்கிற வார்த்தை செண்பகவல்லியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் மறுபடி திரும்ப வேண்டும், திரும்பினால் விமானமும் போய்விடும், மைமூனும் அந்தச் சந்துக்குள்ளேயே இருந்துவிடுவாள். வாழ்க்கையில் முதல்தடவையாகச் செண்பகவல்லி பேச்சை அடக்கிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டிவிட்டு, விறுவிறு என்று கதவுக்குள் போய்விட்டாள்.

மைமூன் கம்பத்தடியில் நின்று அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் கையில் ஏதோ கனக்கிறதே என்று குனிந்து பார்த்தாள். தாம்பாளம். பத்திரிகை வைத்த தட்டு, மகள் கல்யாணத்துக்கு எடுத்த தட்டு, அது திரும்பிப் போகாமல் இங்கே தங்கலாமா.

"ஏட்டி, தட்டு," என்று கத்திக்கொண்டு ஓடினாள்.

கோட்டைத் தாண்டினாள். கதவு தானே திறந்தது. பளபளவென்ற தரையில் முக்காடு சரிய, ஜாதிக்காய்ப் பாகு சிந்த, பெட்டி உருட்டிக்கொண்டு போகிறவர்களையெல்லாம் விலக்கிக்கொண்டு அவள் ஓடுவதைக் கதவுக்கு வெளியே ஒரு தெரு முழுக்க நின்று பார்த்தது. யாராவது ஒரு வார்த்தை சொல்லி அவளுக்கு ஞாபகப்படுத்திவிடக்கூடாதே என்று ஓங் இரண்டு பக்கமும் திரும்பி உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

செண்பகவல்லி திரும்பினாள். மூச்சு வாங்க வந்து நிற்கிறவளைப் பார்த்தாள், அவள் கால்களைப் பார்த்தாள், தூரத்தில் கதவுக்கு வெளியே நிற்கிற கம்பத்தைப் பார்த்தாள். மைமூனும் அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் ஒரு கணம் வெளுத்து, பிறகு மெல்ல மெல்ல நிறம் திரும்பியது. தட்டை நீட்டினாள். செண்பகவல்லி அதை வாங்கவில்லை.

"மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுக்க வேற தட்டு கெடையாது. வரும்போது கொண்டா."

அவள் தட்டை வேண்டுமென்றேதான் விட்டுப் போனாள் என்று ரொஹானி சொல்வாள். சத்தியமாக மறந்துதான் போனேன் என்று செண்பகவல்லி நெல்லையப்பர் மேல் ஆணையிட்டுச் சொல்கிறாள். நமக்கெதற்கு.

மைமூன் டாக்சியில் வீடு திரும்பினாள், மற்ற ஜனங்கள் திரும்புகிற மாதிரி, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. தெரு அந்த வாரம் முழுக்க நீண்டே கிடந்து, பிறகு வெயிலில் போட்ட வேட்டி காய்ந்து சுருங்குவது போலக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய இடத்துக்கு வந்தது. ஆள் குடியேறிய வீடுகளும் ரொஹானியின் கடையும் மட்டும் போகவில்லை, அவற்றுக்கு அளவுக்காரர் நாலு இல்லாத எண்களைப் பார்த்துப் பார்த்துப் போட்டுக் கொடுத்தார்.

ஆவணியில் பாளையங்கோட்டைக் கல்யாண மண்டபத்துக்கு மைமூன் வந்தாள், தாம்பாளத்தைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு, பக்கத்தில் வேட்டி கட்டத் தெரியாமல் இடுப்பில் பெல்ட் போட்ட ஓங்கோடும், மாப்பிள்ளை வீட்டாருக்கு நாசி லெமாக் ஊட்டியே தீருவேன் என்று வந்த ரொஹானியோடும். ஆரத்தி எடுத்தாயிற்று, தாலி கட்டியாயிற்று, மூன்று பந்தி முடிந்தாயிற்று. சாயங்காலம் செண்பகவல்லி மைமூனைக் கூப்பிட்டுக்கொண்டு பழைய கல்லூரி வாசலுக்குப் போனாள். இருவரும் விடுதிக் கதவை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

"வா, பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டு விடுதேன்," என்றாள் மைமூன்.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தவர், பேசிக்கொண்டே வருகிற இருவரையும் பார்த்தார், தன் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே சத்தமில்லாமல் விலகிய இடத்தைப் பார்த்தார், உள்ளே போய் இன்னும் இரண்டு பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு வந்து அங்கே போட்டார்.